தராசும் கோட்டும்: அறுபதுகளின் அமெரிக்காவில் ஏழைகள் சங்கமாகத் திரண்டது எப்படி?

1961-ல் சிகாகோ நகரின் தெற்குப் பகுதியான வுட்லானில், ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம்பி நிறுக்கக்கூடிய, சரியான தராசு. பக்கத்தில் கணக்குக் கூட்டும் இயந்திரம் ஒன்று. அக்கம்பக்கத்துக் கடைகளில் சாமான் வாங்கியவர்கள் பொட்டலத்தை நேராக அங்கே எடுத்துப்போய் நிறுத்துப் பார்க்கலாம். பில்லைக் கொடுத்தால் கூட்டல் சரியா என்று பார்த்துச் சொல்வார்கள். எந்தக் கடை எடையில் அடிக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

வுட்லானில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அவர்களிலும் ஏழைகளே அதிகம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்பதும், தவணைக்குப் பொருள் எடுத்தால் சொல்லாத வட்டி எல்லாம் தலையில் விழும் என்பதும் அவர்களுக்குப் பல வருடங்களாகவே தெரியும். வீட்டுக்குள்ளே பேசி, வெளியே விழுங்கிக்கொண்ட விஷயம் அது. தராசு வந்தது. கூடவே நூற்றுக்கணக்கான பேர் கடைத்தெருவில் ஊர்வலம் போனார்கள். நியாயமாக வியாபாரம் செய்கிறோம் என்று எழுதிக்கொடுக்கக் கடைக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள்.

‘கம்யூனிட்டி ஆர்கனைசிங்’ என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலில் கேட்டது 2008-ல், ஒபாமா தேர்தலில் நின்றபோது. இளைஞராக இருக்கையில் சிகாகோவில் அவர் பார்த்த வேலை அது என்று செய்தி வந்தது. அது என்ன வேலை என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. தமிழில் ‘சமூக அமைப்பாக்கம்’ என்று எழுதுகிறார்கள். சரியான சொல்தான், ஆனால் கேட்டதும் எந்தப் படமும் மனதில் வருவதில்லை. அதனால்தான் தராசிலிருந்து தொடங்கினேன். மக்களைச் சங்கமாகத் திரட்டுவது என்று சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

ஒரே பகுதியில் வாழ்கிற, பணமோ பதவியோ இல்லாத மக்கள், தங்கள் குறைகளைத் தாங்களே பேசி, தங்களுக்குள்ளிருந்தே தலைவர்களைத் தேர்ந்தெடுத்து, அதிகாரத்தில் இருப்பவரிடம் கூட்டாகப் போய்க் கேட்கிறார்கள். அந்தச் சங்கம் உருவாக ஓடியாடி வேலை செய்பவர் அமைப்பாளர். பெரும்பாலும் அவர் வெளியூர்க்காரர், அந்த வேலைக்கென்று சம்பளம் வாங்குபவர். தர்மம் செய்பவர் உங்களுக்கு ஒரு கோட்டு தருவார். சமூகப் பணியாளர் உங்கள் பெயரில் ஒரு கோப்பு திறப்பார். கட்சிக்காரர் ஓட்டுக் கேட்பார். அமைப்பாளர் கேட்பது வேறு: “உங்களுக்கு எது பெரிய தொல்லை? அதைச் சரிசெய்யக்கூடியவர் யார்? வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருவீர்களா?”

இது அறுபதுகளில் வந்த புது யோசனை அல்ல. ஆனால் அந்தப் பத்தாண்டில் அமெரிக்க நகரங்களில் இது காட்டுத்தீ போலப் பரவியதற்குக் காரணம் உண்டு. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோ, டெட்ராய்ட், நியூவார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்திருந்தார்கள். அப்பலாச்சியா மலைப்பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை போன வெள்ளையர்கள் சிகாகோவின் அப்டவுனில் வந்து குவிந்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் தொழிற்சாலைகள் நகரத்தை விட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் தர மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகமே பல காலமாக மறுத்துவந்தது. போதாக்குறைக்கு ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் பழைய வீடுகளை இடித்துச் சாலையும் மாளிகையும் கட்டினார்கள்.

1964-லும் 1965-லும் வந்த குடிமை உரிமைச் சட்டங்கள் தெற்கில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகளை இறக்கின, ஓட்டுரிமையைக் கொண்டுவந்தன. வடக்கு நகரங்களில் அந்தப் பலகையே இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாத சுவரில் எதைக் கழற்றுவது? வாடகை அதிகம், வேலை இல்லை, குப்பை அள்ள ஆள் வருவதில்லை, பள்ளியில் இரண்டு ஷிப்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அலுவலகம் இருந்தது, ஆனால் எந்த அலுவலகம் என்று தெரியவில்லை. அமைப்பாளரின் வேலை தொடங்குவது அங்கேதான்.

குறையும் கோரிக்கையும்

சால் அலின்ஸ்கி என்ற பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1909-ல் சிகாகோவில் பிறந்தவர். 1939-ல் அந்நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளுக்குப் பின்புறம் இருந்த ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’ என்ற தொழிலாளர் குடியிருப்பில், ஜோசப் மீகன் என்பவரோடு சேர்ந்து ஒரு மக்கள் மன்றத்தை உருவாக்கினார். போலந்து, லித்துவேனியா, அயர்லாந்து, மெக்சிகோ என்று பல நாட்டவர் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வாழ்ந்த இடம் அது. அங்கே தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான் அவருடைய சாதனை. மறு வருடம் இதே வேலையை மற்ற ஊர்களில் செய்வதற்காக ‘இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவருடைய முறையில் சில விஷயங்கள் கறாரானவை. அந்தப் பகுதி மக்களின் அமைப்புகள் அழைத்தால்தான் போவது. அமைப்பாளர் மேடை ஏறுவதில்லை, பேச வேண்டியவர் உள்ளூர்க்காரர். மக்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியதை அவர்களுக்காக நாம் செய்யக்கூடாது. இரண்டு மூன்று வருடத்தில் அமைப்பாளர் ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், சங்கம் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. குறை என்பது வேறு, கோரிக்கை என்பது வேறு. “இந்த ஊரில் மனுஷன் வாழ முடியுமா?” என்பது குறை. உண்மையான குறைதான், ஆனால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. “இந்த முனையில் இருக்கும் குப்பை வாரம் இரண்டு முறை அள்ளப்பட வேண்டும், இந்த வார்டுக் கண்காணிப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்” என்பது கோரிக்கை. கோரிக்கைக்கு ஒரு முகவரி உண்டு. ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லக்கூடிய ஒரு ஆள் அதன் மறுமுனையில் நிற்கிறார். அமைப்பாளர் வீடு வீடாகக் கதவைத் தட்டி மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது எதற்காக? நூறு வீட்டுப் புலம்பலிலிருந்து ஒரு கோரிக்கையைத் தேடி எடுப்பதற்காக. அது சிறியதாக இருக்கலாம். ஜெயிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தோற்றே பழகியவர்களுக்கு முதல் வெற்றி கொடுக்கும் தெம்பு கொஞ்சநஞ்சம் அல்ல.

வுட்லானில் அப்படித்தான் நடந்தது. அங்கிருந்த போதகர்கள், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து, அலின்ஸ்கியை அழைத்தார்கள். நிக்கோலஸ் வான் ஹாஃப்மன் என்ற இளைஞர் அமைப்பாளராக வந்தார். போதகர் ஆர்தர் பிரேசியர் சங்கத்தின் குரலானார். சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்கு வளாகத்துக்காக 60-வது தெருவுக்கும் 61-வது தெருவுக்கும் இடையே ஒரு மைல் நீளத்துக்கு நிலம் கேட்டிருந்தது. கடைக்காரர்களின் தராசு ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது என்றால், இந்த நிலம்தான் உண்மையான சண்டை.

1961 ஆகஸ்ட் 26 அன்று வுட்லானிலிருந்து 46 பேருந்துகள் கிளம்பி நகர மன்றத்துக்குப் போயின. இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறங்கி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வரிசையில் நின்றார்கள். கோஷம் போட வேண்டிய தேவையே இல்லை. சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலிக்கு ஓட்டுக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஒரே பகுதியிலிருந்து ஒரே காலையில் இத்தனை புது ஓட்டு வந்தால் அதன் அர்த்தம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1963-ல் ஒப்பந்தம் வந்தது: காலி நிலத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கான கட்டுமானம் தொடங்கும்வரை பழைய வீடுகளை இடிக்கக்கூடாது, திட்டத்தை மேற்பார்க்கும் குழுவில் வுட்லான்காரர்களுக்கு இடம் வேண்டும். வீட்டை இடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பதே வழக்கமாக இருந்த நாட்டில் இது பெரிய விஷயம்.

முகவரி எட்டாத தூரத்தில் இருந்தால்? நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரம் கோடாக் கம்பெனியின் ஊர். 1964 ஜூலையில் அங்கே கலவரம் வெடித்தபின் தேவாலயங்கள் அலின்ஸ்கியை வரவழைத்தன. 1965-ல் ‘ஃபைட்’ என்ற சங்கம் பிறந்தது. போதகர் ஃபிராங்க்ளின் ஃபுளோரன்ஸ் தலைவர். நகரத்தின் மிகப்பெரிய முதலாளி கறுப்பின மக்களுக்கு வேலை தருவது மிகக் குறைவு என்பதுதான் குறை. வேலையில்லாத 600 பேரைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதாக அது கோரிக்கையானது. 1966 டிசம்பரில் கம்பெனியின் உதவித் துணைத்தலைவர் ஒருவர் கையெழுத்தே போட்டார். இரண்டு நாளில் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கம்பெனி பின்வாங்கியது.

அடுத்து அவர்கள் எடுத்த வழி புதியது. கோடாக்கின் பங்குகள் தேவாலய அமைப்புகளிடமும் இருந்தன. உங்கள் பங்குக்குரிய ஓட்டை நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று அவர்களிடம் போய்க் கேட்டார்கள். 1967 ஏப்ரலில் நியூஜெர்சியில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு வேலையில்லாதவர்களும் போதகர்களும் நுழைவுரிமையோடு போய் உட்கார்ந்தார்கள். ஓட்டு எண்ணிக்கையில் ஜெயிக்கவில்லை. ஆனால் நாட்டின் பத்திரிகைகள் எல்லாம் கேட்கத் தொடங்கின. ஜூன் மாதம் கோடாக் அந்தச் சங்கத்தை ஏழைகளின் குரலாக ஏற்றுக்கொண்டு சேர்ந்து வேலை செய்ய இசைந்தது.

அலின்ஸ்கியின் முறையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சங்கம் தன் உறுப்பினர்களின் விருப்பத்தைத்தான் கேட்கும். அந்த விருப்பம் அடுத்த தெருக்காரரை உள்ளே விடக்கூடாது என்பதாக இருந்தால்? அவர் முதலில் கட்டிய பேக் ஆஃப் தி யார்ட்ஸ் மன்றமே பிற்காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் அங்கே குடிவருவதைத் தடுக்கும் அரணாக மாறியது. அலின்ஸ்கி அதைக் கண்டு மனம் நொந்தார். திரட்டுவது ஒரு கருவி. அதை எடுத்தவர் கையில் இருக்கிறது மற்றது.

மாணவர்கள் வந்தார்கள்

அலின்ஸ்கி வழி ஒன்று என்றால், ஜனநாயக சமூகத்துக்கான மாணவர்கள் என்ற அமைப்பின் வழி வேறு. 1963-ல் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் கொடுத்த 5,000 டாலரோடு அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 1964 கோடை விடுமுறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் நியூவார்க், கிளீவ்லாண்ட், சிகாகோ போன்ற நகரங்களில் ஏழைகள் வாழும் தெருக்களில் வீடு எடுத்துத் தங்கினார்கள். ஒரே அறையில் நாலைந்து பேர், ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் சாப்பாடு.

இயந்திரங்கள் வந்து வேலைகள் போகப் போகின்றன, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வேலைக்காக ஒன்றுசேருவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. சிகாகோவில் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கும் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அலுவலகம் போட்டார்கள். ‘வேலை கொடு, இல்லை வருமானம் கொடு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜாயின்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் பொருளாதாரம் வளர்ந்தது, வேலையின்மை குறைந்தது. அதைவிட முக்கியம், கதவைத் திறந்தவர்கள் வேறு எதையோ பேசினார்கள். வாடகை, எலி, போலீஸ், குப்பை, உதவித்தொகை அலுவலகத்தில் பட்ட அவமானம். வேலையில்லாமை பெரிய குறைதான், ஆனால் அதற்கு முகவரி இல்லை. யார் வீட்டு வாசலில் போய் நின்று வேலை கேட்பது? எலிக்கு முகவரி உண்டு, வாடகை வாங்கும் வீட்டுக்காரர்.

இதை மாணவர்களுக்கு முன்பே நியூயார்க்கின் ஹார்லெம் மக்கள் அறிந்திருந்தார்கள். 1963-ல் குளிர் தொடங்கியபோது ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் நூற்றுக்கணக்கான கட்டடங்களில் வாடகை கொடுப்பதை நிறுத்தினார்கள். வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பு இல்லை, சுவரெல்லாம் ஓட்டை. வழக்கு வந்தபோது செத்த எலிகளை நீதிமன்றத்துக்கே சாட்சியாக எடுத்துப்போனார்கள். பழுது பார்க்கும்வரை வாடகையை நீதிமன்றத்தில் கட்டலாம் என்று நீதிபதி ஒத்துக்கொண்டார்.

மாணவர்களும் கற்றுக்கொண்டார்கள். மக்களே முடிவு செய்யட்டும் என்பது அவர்களுடைய முழக்கம். அதை உண்மையாகவே நம்பினார்கள். தலைவர் வேண்டாம், எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவோம் என்று கூட்டங்கள் நள்ளிரவு தாண்டியும் நடக்கும். காலையில் வேலைக்குப் போக வேண்டிய தாய்க்கு அத்தனை நேரம் உட்கார முடியாது என்பதை அவர்கள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. நியூவார்க்கின் கிளின்டன் ஹில் பகுதியில் டாம் ஹேடனும் மற்றவர்களும் இருந்தார்கள். அங்கே வண்டிகள் வேகமாகப் போகும் ஒரு நாற்சந்தியில் போக்குவரத்து விளக்கு வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். மனு கொடுத்தார்கள், அதிகாரிகளைப் பார்த்தார்கள், தெருவை மறித்து நின்றார்கள். வாக்குறுதி வந்தது, விளக்கு வரவில்லை. முகவரி சரியாகவே இருந்தும் அங்கிருந்தவர் ‘சரி’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த முறையில் லேசான பதில் கிடையாது. 1967 ஜூலையில் நியூவார்க் எரிந்தது. 26 பேர் இறந்தார்கள். மாணவர்களின் திட்டமும் அதோடு முடிந்தது.

இதற்கிடையே அரசாங்கமே இந்த வேலையில் இறங்கியிருந்தது. 1964 ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட வறுமை ஒழிப்புச் சட்டம், உள்ளூர்த் திட்டங்களை நடத்துவதில் ஏழைகளுக்கு ‘இயன்ற அளவு அதிகபட்சப் பங்கேற்பு’ வேண்டும் என்றது. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் முகமைகள் முளைத்தன. அரசுச் சம்பளம் வாங்கிய சில அமைப்பாளர்கள் மக்களைத் திரட்டிக்கொண்டு நகர மன்றத்தின் வாசலிலேயே போய் நின்றார்கள். மேயர்கள் கொதித்தார்கள். 1967-ல் சட்டத்தைத் திருத்தி அந்த முகமைகளை உள்ளாட்சிகளின் பிடிக்குள் கொண்டுவர வழி செய்தார்கள்.

தாய்மார்களின் சங்கம்

இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஜானி டில்மன் என்ற பெண்ணிடம். 1926-ல் ஆர்கன்சா மாநிலத்தில் குத்தகைக் கூலி விவசாயியின் மகளாகப் பிறந்தவர். ஆறு குழந்தைகளின் தாய். கலிபோர்னியாவுக்கு வந்து லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சலவையகத்தில் சட்டை தேய்த்தார், அங்கே தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்தார். 1963-ல் உடம்புக்கு முடியாமல் போய் வேலையை விட வேண்டி வந்தபோது, குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்.

அந்த உதவித்தொகை வாங்கும் தாயின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். வீட்டில் ஆண் இருக்கக்கூடாது என்று பல மாநிலங்களில் விதி. ஆண் யாராவது வந்துபோகிறாரா என்று பார்க்க அதிகாரிகள் நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேடுவார்கள். புது டிவி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். விளக்கம் கேட்காமலே தொகையை நிறுத்திவிடலாம். டில்மன் அந்த அவமானத்தைத் தன் குடியிருப்பில் இருந்த மற்றத் தாய்மாரோடு பேசினார். 1963-லேயே ஒரு சங்கம் உருவானது. எந்த வெளியூர் அமைப்பாளரும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிற்சங்கத்தில் கற்றதைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

இப்படிச் சிறு சிறு சங்கங்கள் பல ஊர்களில் இருந்தன, ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. அவற்றைச் சேர்த்துக் கட்டியவர் ஜார்ஜ் வைலி. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கறுப்பினத்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். 1966 ஜூனில் ஒஹையோ மாநிலத் தாய்மார்கள் கிளீவ்லாண்டிலிருந்து தலைநகர் கொலம்பஸ் வரை 155 மைல் நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த ஜூன் 30 அன்று மற்ற நகரங்களிலும் ஊர்வலங்கள் நடந்தன. மறு வருடம் தேசிய நல உரிமைச் சங்கம் முறையாக உருவானது. டில்மன் தலைவர். உச்சத்தில் சந்தா கட்டிய உறுப்பினர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் கறுப்பினத் தாய்மார்கள்.

இவர்கள் கையில் எடுத்த ஆயுதம் விதிப் புத்தகம். ஒரு குடும்பத்துக்கு வாழக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று அலுவலகத்தின் கையேட்டிலேயே எழுதியிருந்தது: ஆளுக்கொரு கட்டில், போர்வை, குளிர்காலக் கோட்டு, பள்ளிக்கூடத் துணிமணி. இல்லாதவர்கள் சிறப்புத் தொகை கேட்கலாம் என்றும் இருந்தது. அதை யாரும் தாய்மார்களுக்குச் சொன்னதில்லை. சங்கத்தார் அந்தப் பட்டியலை எளிய மொழியில் எழுதி நகலெடுத்தார்கள். அமைப்பாளர் கதவைத் தட்டி அந்தத் தாளைக் காட்டுவார். “இதில் உங்கள் வீட்டில் இல்லாதது எது? டிக் போடுங்கள்.”

ஒரு தாய் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளில் டிக் போடுவதை நினைத்துப் பாருங்கள். இத்தனை நாள் தன் குழந்தைகள் இரண்டிரண்டு பேராக ஒரே கட்டிலில் படுப்பது தன் கையாலாகாத்தனம் என்று நினைத்திருந்தார். இப்போது அது அலுவலகம் கொடுக்காமல் விட்ட பாக்கி என்று தெரிகிறது. குறை கோரிக்கையாக மாறும் கணம் இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெங்கும் கண்ணில் பட்டதில்லை.

டிக் போட்ட தாள்களோடு முப்பது நாற்பது பேராகச் சேர்ந்து அலுவலகத்துக்குப் போவார்கள். தனியாகப் போனால் “அடுத்த வாரம் வாம்மா” என்று அனுப்பிவிடும் குமாஸ்தா, கும்பலாக உட்கார்ந்தால் மேலதிகாரியைக் கூப்பிடுவார். மறுத்தால் மேல்முறையீட்டு விசாரணை கேட்பார்கள். வழக்கறிஞர்களும் கூட வந்தார்கள். 1968-ல் அலபாமா மாநிலத்தின் ‘வீட்டில் ஆண்’ விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1970-ல், விசாரணை நடத்தாமல் உதவித்தொகையை நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அது இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

1968 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங், தான் நடத்தப்போகும் ஏழை மக்கள் இயக்கத்துக்கு ஆதரவு கேட்டு சிகாகோவில் இந்தத் தாய்மார்களைச் சந்தித்தார். முந்தின வருடம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உதவித்தொகைச் சட்டத் திருத்தத்தைப் பற்றி அவரிடம் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். தாய்மாரை வேலைக்குத் துரத்தும் திருத்தம் அது, அவர்கள் அதைச் சட்ட எண்ணோடு தெரிந்துவைத்திருந்தார்கள். கிங் தடுமாறினார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் டாக்டர் கிங் என்றார் டில்மன். தனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று கிங் ஒத்துக்கொண்டார். நோபல் பரிசு பெற்றவரின் எதிரே, பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்களும் இருந்த ஒரு கூட்டம் ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. அந்தப் பெரிய மனிதரும் அதற்கு இடம் கொடுத்தார்.

பிறகு என்ன ஆனது? 1968-ல் நியூயார்க்கில் சிறப்புத் தொகை என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு, கட்டிலுக்கு என்று தனித்தனியே கேட்க வேண்டாம், ஆளுக்கு வருடம் 100 டாலர், அவ்வளவுதான். கேட்க ஒன்றும் இல்லாமல் போனதும் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. கோரிக்கைக்கு முகவரி இருப்பதே பலம் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு அந்த முகவரியையே அழித்துவிடவும் முடியும். சங்கத்துக்குள்ளும் பிணக்கு இருந்தது. சம்பளம் வாங்கிய அமைப்பாளர்களில் பலர் படித்த வெள்ளை ஆண்கள், உறுப்பினர்கள் ஏழைக் கறுப்பினப் பெண்கள். முடிவெடுப்பவர் யார் என்ற இழுபறி கடைசிவரை தீரவில்லை. வைலி விலகி, 1973-ல் ஒரு படகு விபத்தில் இறந்தார். டில்மன் பொறுப்பேற்றார். பணம் வற்றி 1975-ல் சங்கம் மூடப்பட்டது.

சிகாகோவின் அப்டவுனில் மாணவர்கள் விட்டுச்சென்ற விதை வேறு மாதிரி முளைத்தது. அங்கே வளர்ந்த தெற்கத்தி வெள்ளை இளைஞர்கள் ‘யங் பேட்ரியட்ஸ்’ என்ற அமைப்பாக நின்று, 1969-ல் ஃபிரெட் ஹாம்ப்டன் அங்கே தலைமை தாங்கிய பிளாக் பேந்தர் என்ற கறுப்பின இயக்கத்தோடும் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸோடும் கைகோர்த்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியைச் சட்டையில் தைத்திருந்தவர்களும், கறுப்பு பெரே தொப்பி அணிந்தவர்களும் ஒரே மேடையில் வீட்டு வாடகையையும் போலீஸ் அடியையும் பற்றிப் பேசினார்கள். அந்த டிசம்பரில் போலீஸ் ஹாம்ப்டனைச் சுட்டுக் கொன்றது. அவருக்கு வயது 21.

நல உரிமைச் சங்கத்தில் பழகிய இளம் அமைப்பாளர் வேட் ராத்கி 1970-ல், டில்மன் பிறந்த அதே ஆர்கன்சாவுக்கு, லிட்டில் ராக் நகரத்துக்கு வந்தார். பின்னாளில் நாடெங்கும் கிளை பரப்பிய ‘ஏகார்ன்’ என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். அவர்கள் முதலில் கையில் எடுத்த கோரிக்கை, உதவித்தொகை வாங்கும் குடும்பங்களின் வீட்டுக்கு மேசை, நாற்காலி, கட்டில்.